கண் மஞ்சளாகாத காய்ச்சல்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டி, "பல்லி எச்சம் பட்டுருச்சுப்பா" என்று சிரித்தாய். உதட்டோரத்தில் நான்கைந்து கொப்புளங்கள், கடுகை அள்ளி ஒட்டியதுபோல. உன் தோளுக்குப் பின்னால் ரீனா ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். நானும் ஏதோ களிம்பு போடச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். போனில் சொல்லலாம். ஆனால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பாதியில் மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முதலில், அன்று இரவே மெசேஜில் அனுப்பியதைத் திரும்பச் சொல்கிறேன்: அந்தக் கொப்புளம் காய்ந்து உதிரும் வரை ரீனாவின் முகத்தருகே உன் வாயைக் கொண்டுபோகாதே, உன் டம்ளரில் அவள் குடிக்க வேண்டாம், அவளுடைய டாக்டரிடம் இதைச் சொல். மீதியை நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: நீ வயிற்றில் இருக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, மதுரையில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிறகு நீ பிறந்தாய். அது என்ன காய்ச்சல் என்று நீ கேட்டதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன் வேலை. அம்மா நிலக்கோட்டை ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. பங்குனி வெயில், திண்டுக்கல்லில் மலையும் கோட்டையும் சேர்ந்து கொதிக்கும் சமயம். அவளுக்கு முதலில் உடம்புவலி, பிறகு காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்கும், நாலு மணி நேரத்தில் திரும்ப ஏறும். தொண்டை எரிகிறது, எதையும் விழுங்க முடியவில்லை என்றாள். சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்தார். "காமாலையா இருக்கப் போகுதுப்பா, எதுக்கும் கண்ணப் பாரு" என்றார். நான் உன் அம்மாவை வாசலுக்குக் கூட்டிவந்து, வெயிலில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளைவெளேர் என்று இருந்தது. நகத்தைப் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. "கண்ணு பளிச்சுனு இருக்குக்கா, ஈரலுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனேன். அந்த வெள்ளைக் கண்ணை நம்பி இரண்டு நாளை வீணாக்கினேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் தப்பு இது.

ஐந்தாம் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள், பாடம் நடத்தும்போது கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். டீச்சர்கள் ஆட்டோவில் போட்டு ஊரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் லேடி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். மில்லிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அந்த டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "நாப்பதுக்குள்ள இருக்க வேண்டிய நம்பர்ங்க இது. ஆயிரக்கணக்குல இருக்கு. ஈரல் உடைஞ்சுக்கிட்டு இருக்கு. இங்க வச்சுப் பாக்க முடியாது. இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க" என்றார். நான் முட்டாள்தனமாக, "கண்ணு மஞ்சளாகலையே டாக்டர்?" என்றேன். "அதான் எனக்கும் புரியல" என்றார் அவர். தனக்குப் புரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை. அப்படிச் சொல்லி உடனே அனுப்பினாரே, அந்த மனுஷிக்கு இன்றைக்கும் நான் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

மதுரையில் எடுத்த உடனே பிரசவ டாக்டர் சொன்னது, குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான். கர்ப்பத்தாலேயே ஈரல் கெடும் நோய்கள் உண்டாம், குழந்தை வெளியே வந்தால் அது அடங்கும். அவர் சொன்னதில் தப்பில்லை. கையெழுத்துப் போட எனக்குத் தாளும் கொடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் இன்னொரு டாக்டரம்மா வந்தார். ஒடிசலான உருவம், கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கும். அவர் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொண்டைக்குள் சின்னச் சின்னப் புண்கள். அதற்கப்புறம் கண்ணைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், வராந்தாவுக்கு வந்து பிரசவ டாக்டரிடம் பேசினார். எனக்கு மூன்றடி தள்ளித்தான் பேசினார்கள்.

"ஈரல் இம்புட்டு உடைஞ்சும் மஞ்சள் இல்ல. ரத்தத்துல வெள்ளையணு குறைஞ்சிருக்கு, காய்ச்சல் நிக்கல, தொண்டையில புண்ணு. எனக்கு இது ஹெர்ப்பிஸ் கிருமியோன்னு படுது மேடம்."

"அது ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராதேம்மா. தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போனா ஒரு மருந்து வீணாகும். சரியா இருந்து நாம குடுக்காம விட்டா ரெண்டு உசுரு போயிரும். ரத்தம் உறையல. இப்பக் கத்தி வச்சா நிக்காது. ஒரு நாள் குடுங்க."

பிரசவ டாக்டர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். "குழந்தையோட துடிப்புல லேசா மாத்தம் தெரிஞ்சாலும் எடுத்துருவேன்" என்றார். "கட்டாயமா" என்றார் இவர். இரண்டு பேர் மாறுபட்டு நின்று, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல், ஒரு உயிரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்ததை நான் அன்று பார்த்தேன். உன் அலுவலகத்தில் சண்டை என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வரும். ரத்த மாதிரி சென்னைக்குப் போனது. முடிவு வர நாளாகும் என்றார்கள். அதற்குக் காத்திருக்காமல் அன்று மாலையே அசைக்ளோவிர் என்ற மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இனி எழுதப் போவதுதான் என்னால் சொல்ல முடியாமல் கிடந்தது.

மறுநாள் காலையில் ட்யூட்டியில் இருந்த சின்ன டாக்டரிடம் நோயின் பெயரைக் கேட்டேன். அவர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எதிர்ச் சாரியில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே போய், எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினேன். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாகத் திறந்தது. எனக்கிருந்த ஐ.டி.ஐ. இங்கிலீஷுக்கு ஒரு வரிதான் பளிச்சென்று புரிந்தது: உடலுறவு மூலம் பரவும் நோய். அந்த வரிக்கு மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது, நான் படிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அப்படிப்பட்ட பழக்கம் எதுவும் இல்லை. அப்படியென்றால் யாருக்கு? அப்பு, உன் அம்மாவைப் பற்றி அந்தக் கேள்வியை நான் கேட்டேன். ஈரல் உடைந்து, வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தபோது நான் அப்படி நினைத்தேன். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஆண் வாத்தியார்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தேன். நீ யார் பிள்ளை என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். இதை எழுதும்போது எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

இரண்டு நாள் நான் உள்ளே போகவில்லை. பார்வை நேரத்தில் உன் அருள் மாமா, அம்மாவுடைய தம்பி, போய் வந்தான். எனக்குக் காய்ச்சல், தொற்றிவிடும் என்று அவனிடம் பொய் சொன்னேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து திண்டுக்கல் பஸ்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஏறியும் விட்டேன். சமயநல்லூர் வரை போய், மனசு கேட்காமல் இறங்கித் திரும்பி வந்தேன். இரண்டாம் நாள் மதியம் அருள் என்னைத் தேடிப் பிடித்தான்.

"மச்சான், எங்கிட்டுப் போனீங்க? டாக்டரம்மா ஒங்களக் கேக்குறாங்க."

"எதுக்காம்?"

"தெரியல. அக்கா கண்ணு முழிக்கிறப்பல்லாம் கதவையே பாக்குது. வாங்க மச்சான்."

டாக்டரம்மாவின் அறையில் அவரும் நானும் மட்டும். காய்ச்சல் குறைந்திருக்கிறது, நம்பர் ஏறுவது நின்றிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கேட்டுவிட்டேன். "டாக்டர், இந்த நோய் அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேள்விக்கு உள்ளே இருந்த கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, என் தாடையை லேசாகத் தூக்கி, உதட்டின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு பொருக்கு உதிரும் நிலையில் இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மூணு வாரம் இருக்கும் டாக்டர். பெருசா வந்து, ஆறி, திரும்பவும் வந்துச்சு. வெயில் காலத்துல எப்பவும் வரும். பல்லி எச்சம்."

"சின்ன வயசுலேருந்து வருதா?"

"ஆமா."

"பல்லி ஒண்ணும் பண்ணல. இதுவும் அதே கிருமிதான். இந்தக் கிருமியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பெரும்பாலும் வாயோட கிருமி. கைக்குழந்தையா இருக்கப்ப யாரோ பாசமா முத்தம் குடுத்திருப்பாங்க, அப்ப ஒங்களுக்கு வந்திருக்கும். நம்ம ஊருல பெரும்பாலானவங்களுக்கு இது உண்டு. ஒங்க வீட்டம்மாவுக்கு இதுவரைக்கும் வந்ததில்லபோல. ஒங்ககிட்டேருந்துதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க குத்தவாளி இல்ல. அவங்களும் இல்ல. ஆனா ரெண்டு நாளா உள்ள போகாம இருந்தீங்களாமே, அது ஒங்க பொறுப்பு. போங்க, போய்ப் பாருங்க" என்றார்.

எழுந்து நேராக வார்டுக்குள் போனேன். பிறகு ஒரு நாள் நான் கேட்டபோது அவர் விளக்கமாகச் சொன்னார். அந்தக் கிருமி புண்ணாக வந்து ஆறிய பிறகு வெளியே போவதில்லை. முகத்து நரம்பின் வழியே பின்னோக்கி நடந்து, காதுக்குப் பக்கத்தில், மண்டை ஓட்டுக்குள் நரம்புகள் முடிச்சிடும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், தூக்கமின்மை என்று ஏதாவது வந்தால் விழித்து, வந்த வழியே உதட்டுக்குத் திரும்பி வரும். என்னோடு முப்பது வருடம் அது உறங்கியும் விழித்தும் வாழ்ந்திருக்கிறது. என்னிடம் அதிகபட்சம் நாலு கொப்புளம். அதே கிருமி, கர்ப்பத்தால் எதிர்ப்பு தாழ்ந்திருந்த அவள் உடம்பில் ரத்தத்தில் இறங்கி ஈரலுக்குப் போய், ஒவ்வொரு அணுவாக உடைத்துக்கொண்டே போயிருக்கிறது. பித்தக் குழாய்களை அது அடைக்கவில்லை. அதனால்தான் கண் மஞ்சளாகவில்லை. வீடு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது, வெளியே புகை வரவில்லை. அவ்வளவு சின்னது, பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது, அதற்கு இவ்வளவு வழி தெரிந்திருக்கிறதே என்று நான் அதிசயப்பட்டேன்.

ஆனால் அதைவிடப் பெரிய அதிசயத்தை அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தில் பார்த்தேன். அன்று வார்டுக்குள் போனபோது உன் அம்மா நிறம் செத்துக் கிடந்தாள். மூக்கில் குழாய், கையில் குழாய். என்னைப் பார்த்ததும், "மில்லுல லீவு சொன்னீங்களா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். தினமும் ரத்தம் எடுப்பார்கள், தினமும் நம்பர் பாதியாகும். உன் துடிப்பையும் தினமும் பார்ப்பார்கள். ஒரு நாள் நர்ஸ் அந்தக் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். அதுதான் நீ. எத்தனையோ மோட்டார் சத்தம் கேட்ட காது என்னுடையது. ஒரு பேரிங் தேய்ந்தால் நூறடி தள்ளி நின்று சொல்லிவிடுவேன். உன் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

டாக்டரம்மா சொன்னார், உடைந்த ஈரல் தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்கிறது என்று. என் தொழிலில், மோட்டாருக்குள் கம்பி சுற்றிய காயில் எரிந்தால் மோட்டாரை நிறுத்தி, கழற்றி, எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, புதிதாகச் சுற்றி, காயவைத்துத்தான் ஓட்ட முடியும். ஓடிக்கொண்டே, முழு பாரத்தையும் இழுத்துக்கொண்டே, தன் காயிலைத் தானே சுற்றிக்கொள்ளும் மோட்டாரை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. உன் அம்மாவின் ஈரல் அதைச் செய்தது. அவளுக்கும் வேலை பார்த்தது, உனக்கும் வேலை பார்த்தது, இடையில் தன்னையும் செப்பனிட்டுக்கொண்டது. "எம்புட்டு வளரணும்னு அதுக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன். "பழைய அளவு வந்ததும் நின்னுரும். யாரு நிறுத்துறாங்கன்னு முழுசா எங்களுக்கும் தெரியாது" என்று சிரித்தார். சென்னையிலிருந்து முடிவு வந்தபோது நம்பர்கள் பெரும்பாலும் இறங்கிவிட்டிருந்தன. அவர் சந்தேகப்பட்டதேதான், வாயோட கிருமியேதான். அந்தத் தாளுக்காகக் காத்திருந்தால் நீயும் இல்லை, அவளும் இல்லை.

நீ நாள் முடிந்து, தானாகப் பிறந்தாய். உன்னைச் சில நாள் வைத்துப் பரிசோதித்தார்கள். அம்மாவின் ரத்தம் அந்தக் கிருமியை எதிர்க்கக் கற்றுக்கொண்டு, கற்றதை உனக்கும் கொடுத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, "இதப் பாத்து நோய் வந்த ஈரல்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். அவள் திரும்பவும் பள்ளிக்கூடம் போனாள். முப்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்தாள். சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாக நின்றாள். சமைக்கும்போது அவள் வலது விலாவை நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். "என்ன பாக்குறீங்க?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன்.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இருப்பதும் அதே கிருமிதான், பெரும்பாலும் நான் கொஞ்சியபோது கொடுத்ததாக இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, பயந்து ஓடவும் வேண்டாம். ரீனாவுக்கு இது ஏற்கெனவே இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்து நிற்காமல் இருந்தால் கண் வெள்ளையாக இருக்கிறதே என்று என்னைப்போல் உட்கார்ந்திருக்காதே. குழந்தை பிறந்த பிறகு, உதட்டில் கொப்புளம் இருக்கும் யாரும் அதை முத்தமிடக் கூடாது, அது நானாக இருந்தாலும் சரி, கோபித்துக்கொள்கிற பெரியவராக இருந்தாலும் சரி. தாயிடமிருந்து கிடைத்தால் ஒழிய, பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி கிடையாது. பிறந்த முதல் மாதத்தில் பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரம்கூடப் பார்த்துக்கொண்டிராதே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்றைக்காவது ஒரு தாளோ ஒரு திரையோ உன் மனைவியைப் பற்றி ஏதாவது சொன்னால், முழுவதும் படி. படித்துவிட்டு அவளிடம் போய்க் கேள். பஸ் ஸ்டாண்டில் போய் உட்காராதே.

அந்த இரண்டு நாளைப் பற்றி உன் அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. திங்கட்கிழமை காலை காபி குடிக்கும்போது சொன்னேன், நீ யார் பிள்ளை என்று நினைத்தது வரைக்கும் சொன்னேன். டம்ளரைக் கழுவி வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு நத்தத்துக்கு, அருள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாள் போன் எடுக்கவில்லை. இந்த வயதில் எனக்குத் தேவைதான் என்று நானும் அடங்கிக் கிடந்தேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அருள் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க மச்சான்" என்று மட்டும் சொல்லி வெளியே போய்விட்டான். அவள் கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புவுக்கு எழுதுறதா சொன்னீங்களே, எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எழுதுங்க. நீங்க நெனச்சத மறைச்சுட்டு எழுதாதீங்க. அதையும் அவன் படிக்கணும்."

"உனக்கு எம்மேல…"

"கோவம்தான். இப்ப வந்துருக்க கோவம், அது போறப்பப் போகட்டும். நீங்க ஏன் வரலைன்னு அன்னைக்கு ரெண்டு நாளும் நான் தவிச்சேன். சாகப் போறேன்னு டாக்டர் சொல்லிட்டாங்கபோல, அதான் இந்த மனுஷன் மொகத்தக் காட்டாம ஒளிஞ்சு கெடக்குறாருன்னு நெனச்சேன்."

தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நானும் ஒரு புளியை எடுத்துக் கொட்டையைப் பிரித்தேன். அந்தப் புளி தீரும் வரை இரண்டு பேரும் பிரித்தோம். சாயங்காலம் அவளே எழுந்து பையை எடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, சொல்லும்படி நானும் கேட்கவில்லை. சாணார்பட்டி தாண்டும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அந்த ரெண்டு நாளும் நான் தனியா இல்ல, தெரியுமா? நீங்க வராட்டி என்ன, அவன் உள்ள இருந்தானே. நான் பேசுனா ஒதைப்பான். ரெண்டு நாளும் எங்கூட அவந்தான் பேசிக்கிட்டு இருந்தான்."

அன்போடு,
அப்பா